கொடைக்கானல் சரிவில் ஒரு புல்வெளித் தோட்டம்: எதை நடுவது, எதை ஒதுக்குவது

வில்பட்டிக்கு மேலே 18 சென்ட் சரிவு நிலம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரங்களை வெட்டி அகற்றிவிட்டீர்கள். இரண்டு பழைய பேரி மரங்கள் நிற்கின்றன. பாத்தி கட்டி வரிசையாகப் பூச்செடி வைக்காமல், தானாக முளைத்ததுபோல் புல்லும் பல்லாண்டுச் செடிகளும் கலந்த தோட்டம் வேண்டும் என்கிறீர்கள். பாம்பாஸ் புல், மிஸ்கான்தஸ், நீரூற்றுப் புல், எக்கினேசியா, ருட்பெக்கியா, கிராகோஸ்மியா என்று வெளிநாட்டுப் புல்லும் பூச்செடிகளும் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்து, இவற்றில் எவை கொடைக்கானலில் வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஆசை மிக நல்ல ஆசை. பட்டியலை மட்டும் தூக்கி எறிந்துவிடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். நியூயார்க்கில் கைவிடப்பட்ட உயர்மட்ட ரயில் பாதை ஒன்றை ஹை லைன் என்ற பூங்காவாக மாற்றி 2009-இல் முதல் பகுதியைத் திறந்தார்கள். நீங்கள் பார்த்து மயங்கிய இந்த வகைத் தோட்டப் படங்களில் பாதி அங்கே எடுத்தவையாகத்தான் இருக்கும். அதன் செடிகளைத் தேர்ந்தவர் நெதர்லாந்துக்காரரான பியெட் அவுடால்ஃப். ரயில் நின்றுபோன ஆண்டுகளில் தண்டவாளங்களுக்கு நடுவே தாமாக முளைத்துக் கிடந்த புல்லையும் செடியையும் பார்த்ததிலிருந்துதான் அந்தத் தோட்டத்தின் கற்பனையே பிறந்தது. அந்த ஊர் மண்ணில் எது தானாக நின்றதோ, அதை உற்றுப் பார்த்தார்கள். நாமும் அதைத்தான் செய்ய வேண்டும். அவர்கள் பார்த்த விதத்தை எடுத்துக்கொள்வோம். அவர்கள் நட்ட செடிகள் அங்கேயே இருக்கட்டும்.

அந்தச் செடிகள் இங்கே தடுமாறுவதற்குக் காரணம் குளிர் போதாதது மட்டும் இல்லை. கொடைக்கானல் ஏறக்குறைய 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். நெதர்லாந்தில் கோடைப் பகல் பதினாறரை மணி நேரத்தைத் தாண்டும். குளிர்காலப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. எப்போது பூக்க வேண்டும், எப்போது இலையை உதிர்த்துத் தூங்க வேண்டும் என்று அந்த ஊர்ச் செடிகள் பலவற்றுக்குச் சொல்வது இந்தப் பகல் நீளம்தான். இங்கே அந்தச் சேதி வருவதில்லை. அதற்கு மேல் அக்டோபர், நவம்பர் அடைமழை வேறு. நான் எக்கினேசியாவை மூன்று முறை நட்டேன். மூன்று முறையும் வடகிழக்குப் பருவமழையில் கழுத்து அழுகிச் செத்தது. நான்காவது முறை நடாமல் விட்டதில்தான் எனக்குப் புத்தி வந்தது.

உங்கள் பட்டியலில் பாம்பாஸ், நீரூற்றுப் புல், கிராகோஸ்மியா மூன்றும் எதிர்த் திசையில் ஆபத்தானவை. இவை சாகாது; பரவும். பாம்பாஸ் புல் கலிபோர்னியாவிலும் நியூசிலாந்திலும், நீரூற்றுப் புல் ஹவாயிலும் தோட்டத்தை விட்டு வெளியேறிக் காட்டைப் பிடித்தவை. பழனி மலை தாங்கியது போதும். வாட்டில், யூகலிப்டஸ், பைன் தோட்டங்களாலும் விவசாயத்தாலும், 1973 முதல் 2014 வரையான நாற்பது ஆண்டுகளில் இந்த மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு ஆய்ந்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நீங்கள் வெட்டி எடுத்த வாட்டில் நின்ற இடமும் அப்படிப் போன ஒரு துண்டாக இருக்கலாம்.

எனவே என் பதில் இது: உங்கள் தோட்டத்தில் பத்தில் ஏழு பங்கு இந்த மலையின் புல். மீதி மூன்று பங்கில் இந்த மலையின் பூச்செடிகள். வீட்டு வாசலை ஒட்டி மட்டும், ஊரில் எல்லோரும் வைக்கிற ஹைட்ரேஞ்சியா, அகபாந்தஸ், ஊதாப் பூ விடும் சால்வியா போன்றவற்றை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணெதிரே இருந்தால் அவற்றை அடக்கி வைக்கலாம்.

புல்லிலிருந்து தொடங்குகிறேன். பலரும் பூவைத் தேர்ந்துவிட்டு, இடைவெளியை நிரப்பப் புல்லைத் தேடுகிறார்கள். நம் மலையில் அது தலைகீழ். புல்தான் தரை, திரை, நிறம் எல்லாம். பூ அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறது. மன்னவனூர், கவுஞ்சி பக்கம் மிச்சமிருக்கும் புல்வெளியில் செப்டம்பரில் ஒரு நாள், டிசம்பரில் ஒரு நாள், பிப்ரவரியில் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒரே சரிவு முதலில் பச்சையாக, பிறகு செம்பு நிறமாக, கடைசியில் வைக்கோல் நிறமாக மாறியிருக்கும். ஒவ்வொன்றும் ஓர் அழகு. செடி காய்ந்து நிற்கும்போது எப்படி இருக்கிறது என்று பார்த்துத் தேர்வதுதான் இந்த வகைத் தோட்டக்கலையின் உயிர்நாடி.

முதலில் கிரைசோபோகான். மேல்மலையில், அதாவது பழனி மலையின் உயர்ந்த பகுதியில், சரிவுகளைப் பிடித்து நிறுத்துவதில் இதற்கு ஈடில்லை. அடியில் இறுகிய தூர், விறைப்பான இலை, கதிரின் கணுக்களில் பொன்னிற மயிர். பெயருக்கே கிரேக்க மொழியில் பொன் தாடி என்று பொருள். இதை அடிப்படையாக வைத்தால் மண் அசையாது. இரண்டாவது தெமீடா டிரையாண்ட்ரா. ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரந்து கிடக்கும் புல் இது; நம் மலையும் அதன் பிறப்பிடங்களில் ஒன்று. செம்பழுப்புக் கதிர்கள் கொத்தாகத் தலை சாய்த்துத் தொங்கும். மாலை வெயில் பின்னாலிருந்து விழுந்தால் புல்வெளி முழுவதும் பற்றி எரிவதுபோல் இருக்கும். ஆகவே நீங்கள் உட்காரும் திண்ணைக்கு மேற்கே இதை நடுங்கள். யூலாலியா ஃபியோத்ரிக்ஸ் கதிர் விரல்களைப் போல் பிரிந்து, பழுப்புப் பட்டு மயிர் போர்த்தி நிற்கும். பனித்துளி தங்குவதற்கென்றே படைத்ததுபோல் இருக்கும். அருண்டினெல்லாவில் சில இனங்களுக்கு ஊதா சாயல் கொண்ட மெல்லிய கதிர்கள். கனமான தூர்களுக்கு நடுவே அது ஒரு மூட்டம்போல் நிற்கும். பாறை வெளியே தெரியும் இடத்தில் டிரைபோகான் வைக்கலாம். அரை அங்குல மண்ணில் பிழைத்து, வெயிலில் சுருண்டு, முதல் மழையில் பச்சையாகிவிடும்.

ஊசிப்புல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அழகுக்குக் குறையில்லை. ஆனால் அதன் விதைக்கு ஒரு நீண்ட முறுக்கிய வால் உண்டு. ஈரம் பட்டால் முறுக்கு அவிழும், காய்ந்தால் மறுபடி முறுகும். அப்படி முறுகி முறுகியே விதையைத் திருகாணிபோல் மண்ணுக்குள் இறக்கும். அதே வேலையை உங்கள் காலுறையிலும் நாயின் தோலிலும் செய்யும். பாதையிலிருந்து பத்தடிக்கு அப்பால் வையுங்கள். போதைப்புல் என்று கீழ்மலைக்காரர்கள் கூரை வேயும் வாசனைப்புல் உங்கள் உயரத்துக்கு வேண்டாம்; பெருமாள்மலைக்குக் கீழே இருப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

இந்தப் புல்லை எங்கே வாங்குவது என்பதே அடுத்த கேள்வியாக வரும். நர்சரியில் கிடைப்பது அரிது. மேல்மலைக் காட்டில் பெரும்பகுதி 2013-இல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கிருந்தோ மற்றக் காப்புக்காட்டிலிருந்தோ ஒரு தூரைப் பெயர்ப்பதும் குற்றம். புல்வெளியை உருவாக்க நினைப்பவர் புல்வெளியைத் திருடலாகாது. பட்டா நிலங்களில், உழ முடியாத பாறை மூலைகளில், பழைய புல் இன்னும் நிற்கிறது. உரிமையாளரிடம் கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார்கள். வட்டக்கானலில் உள்ளூர்ச் செடிகளை வளர்த்து, சோலை எனப்படும் மலைக்காட்டை மீட்கும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கும் அறக்கட்டளை ஒன்று இருக்கிறது. அங்கும் போய்ப் பேசுங்கள். நாற்று கிடைக்காவிட்டாலும் எந்தச் செடி எது என்று கண்ணுக்குப் பழகும்.

விதை போட்டுப் புல் வளர்க்க முயல வேண்டாம். மலைப்புல்லின் கதிரில் பாதிக்கு மேல் பதராக இருக்கும். தூரைப் பிரித்து நடுவதே வழி. நன்கு வளர்ந்த ஒரு தூரைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து, வேரோடு பத்துப் பன்னிரண்டு துண்டுகளாகப் பிரிக்கலாம். இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, வேர் காயாமல் ஈரச் சாக்கில் சுற்றி, அன்றே நட வேண்டும். கணக்கையும் இப்போதே போட்டுப் பாருங்கள். அடிக்கு ஒரு தூர் என்றால், 10 சென்டுக்கு அதாவது 4,356 சதுர அடிக்கு நாலாயிரத்துக்கும் மேல் தூர் வேண்டும். யாராலும் முடியாது. முதல் ஆண்டு 2 சென்ட் மட்டும் எடுங்கள். சுமார் 870 சதுர அடி; அதில் புல்லுக்கு அறுநூறு துண்டு. ஐம்பது அறுபது தாய்த் தூர் கிடைத்தால் போதும். மூன்றாம் ஆண்டு அந்த 2 சென்ட்டே மீதி நிலத்துக்கு நாற்றங்காலாகிவிடும்.

நடவுக்குக் காலம் ஜூன் தொடக்கம் முதல் ஆகஸ்ட் வரை. கோடை மழையில் மண்ணுக்குள் ஈரம் இறங்கியிருக்கும். உறைபனி வருவதற்குள் வேருக்கு நான்கைந்து மாதம் கிடைக்கும். பலர் அக்டோபர் மழையை நம்பிக் காத்திருக்கிறார்கள். அந்த மழை வேர் பிடிக்காத தூரைச் சரிவோடு உருட்டிக்கொண்டு போய்விடும்.

மண்ணைப் பற்றி: எதுவும் செய்யாதீர்கள். தொழு உரம், மண்புழு உரம், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். நம் மண் அமில மண். மலைப்புல் அதில் பிறந்தது. சத்து அதிகமானால் புல்லுக்கு முன்னால் களை எழுந்துவிடும். வாட்டில் வேறு காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது. ஏற்கெனவே சத்து கூடுதல்தான். பொக்லைன் வைத்து வேரைத் தோண்டவும் வேண்டாம். அடிக்கட்டை மக்கும்வரை சரிவைப் பிடித்திருக்கட்டும். ஆனால் வாட்டில் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெயில் பட்டதும் கீரைப்பாத்திபோல் முளைக்கும். இரண்டு இலை விட்டதுமே கையால் பிடுங்க வேண்டும், மாதம் ஒரு முறை, குறைந்தது மூன்று ஆண்டு. மிளாரைப் போட்டுக் கொளுத்தினால் சூட்டில் இன்னும் அதிக விதை முளைக்கும் என்பதை வேலையாட்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாட்டிலைவிட எனக்குப் பயம் கிக்கியூ புல்லிடம். கென்யாவின் மேட்டு நிலத்திலிருந்து வந்தது. ஊரில் பாதி வீடுகளில் பச்சைத் தரையாக இருப்பது அதுதான். மண்ணுக்குள் கயிறுபோல் ஓடும் அதன் தண்டு, கிரைசோபோகான் தூருக்குள் நுழைந்துவிட்டால் பிரிக்கவே முடியாது. உங்கள் நிலத்தின் ஓரத்தில் இருந்தால் முதலில் அதை வேரோடு கொத்தி எடுத்து, மீண்டும் தலை காட்டுகிறதா என்று ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டுப் பிறகு நடுங்கள். தாமதம் என்று வருந்த வேண்டாம். என் தோட்டத்தின் கீழ்ப்பக்கத்தை அவசரப்பட்டு நட்டேன். மூன்று ஆண்டு உழைப்பைத் தோண்டி எடுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

இனி பூக்கள். அனஃபாலிஸ் முதலில். வெள்ளி நிற இலை, காகிதம் போன்ற வெள்ளைப் பூ. பறித்து ஆண்டுக்கணக்கில் வைத்தாலும் வாடியதாகத் தெரியாது. வறண்ட மேட்டில், புல் அடர்த்தி குறைந்த இடத்தில் ஏழெட்டுச் செடியாகச் சேர்த்து வையுங்கள். ஈரம் தேங்கும் தாழ்விடத்தில் அனிமோன் ரிவுலாரிஸ், அதனுடன் கோரை வகைகள். ஆஸ்பெக்கியாவின் ஊதாப் பூவும் ஹைபெரிகம் மைசூரென்ஸின் பெரிய மஞ்சள் பூவும் புதர்களில் வருபவை. புல்லுக்குப் பின்னணியாக மேல் எல்லையில் நிற்கட்டும். காட்டுப்புகையிலை என்கிற லோபீலியாவை நான் மிகவும் விரும்புகிறேன். ஆள் உயரத்துக்கு மேல் ஒரே தண்டாக எழுந்து பூத்து, காய்ந்த பின்னும் மாதக்கணக்கில் கம்பம்போல் நிற்கும். அதன் பால் நஞ்சு. காய்ந்த தூள் மூக்கை எரிக்கும். குழந்தைகள் விளையாடும் பக்கம் வேண்டாம்.

நீலகிரி லில்லி இந்த மலைக்கும் சொந்தம். மணமுள்ள நீண்ட வெள்ளைக் குழல் பூ, புல்லுக்கு நடுவே தனித்து நிற்பதைப் பார்த்தவர் மறக்க மாட்டார். அதன் கிழங்கை முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் மறப்பதில்லை. குழியின் அடியிலும் பக்கத்திலும் கம்பி வலை வைத்து நடுங்கள். வளர்த்தவரிடமிருந்து மட்டும் வாங்குங்கள். காட்டுக் கிழங்கைச் சாக்கில் கட்டி விற்பவரிடம் வாங்கினால் அடுத்த ஆண்டு அவர் இன்னொரு சரிவைத் தோண்டுவார். தரை ஆர்க்கிடுகளை நடவே வேண்டாம். அவற்றின் விதையில் உணவுச் சேமிப்பு கிடையாது. முளைப்பதற்கு மண்ணிலுள்ள ஒரு பூஞ்சையின் துணை வேண்டும். பெயர்த்து வைத்தால் சாகும். புல் நன்றாகப் பிடித்த நிலத்துக்கு அவை தாமாக வரக்கூடும். என் நிலத்தில் ஏழாம் ஆண்டு இளஞ்சிவப்பு சாட்டீரியம் ஒன்று வந்தது. அன்று வேலைக்கு வந்த பெரியவர் அதைச் சுற்றிக் கல் அடுக்கிவிட்டுத்தான் தேநீர் குடிக்கப் போனார்.

குறிஞ்சி வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். ஆனால் அதன் கணக்கைப் புரிந்துகொண்டு நட வேண்டும். 1994, 2006, 2018 என்று பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்தது; அடுத்தது 2030. பூத்து விதை விட்டதும் அந்தத் தலைமுறைச் செடி அத்தனையும் செத்துவிடும். உங்கள் குறிஞ்சி 2018 விதையிலிருந்து வந்ததானால், நீங்கள் எப்போது நட்டாலும் 2030-இல்தான் பூக்கும்; அதற்கடுத்த ஆண்டு அந்த இடம் குச்சிக் காடாக நிற்கும். ஆகவே ஒரே திட்டாகக் குவிக்காமல், கிரைசோபோகான் தூர்களுக்கு இடையே மூன்றும் ஐந்துமாகச் சிதறி வையுங்கள். பட்டுப்போனாலும் புல் அந்த இடத்தை மூடிக்கொள்ளும். விதை விழுந்து அடுத்த தலைமுறை அதே நிழலில் முளைக்கும். மற்ற பதினொரு ஆண்டும் அது பச்சைப் புதர்தான். அதற்காக அதைக் குறைவாக எண்ணாதீர்கள். அடர்ந்த உருண்டைப் புதர்கள் சரிவுக்கு ஓர் அமைதியைக் கொடுக்கின்றன.

உறைபனி எங்கே விழும் என்பதை நடுவதற்கு முன் அறிந்துகொள்ளுங்கள். குளிர்ந்த காற்று கனமானது; தண்ணீரைப்போல் கீழே இறங்கித் தாழ்விடத்தில் தேங்கும். ஏரிக்கரையும் ஜிம்கானா மைதானமும் வெள்ளையாக விடியும் நாளில் மேட்டு வீடுகளில் ஒன்றும் இராது. ஜனவரியில் வானம் தெளிந்த ஓர் இரவுக்குப் பிறகு, சூரியன் எழுமுன் நிலத்தில் நடந்து, வெள்ளை எதுவரை ஏறியிருக்கிறதோ அங்கே குச்சி நட்டு வையுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே இலை மென்மையான செடி எதுவும் வேண்டாம். மலைப்புல்லுக்குக் கவலையில்லை. அதன் குருத்து தரையோடு ஒட்டி, பழைய இலையடிகளுக்குள் பொதிந்திருக்கும். மேல் இலை கருகினாலும் உயிர் உள்ளே இருக்கும். அதனால்தான் காய்ந்த புல்லை டிசம்பரில் வெட்டிச் சுத்தம் செய்யக் கூடாது என்கிறேன். அது தூருக்குப் போர்வை.

பிப்ரவரி இறுதியில், கோடை மழைக்கு முன், கதிர் அரிவாளால் ஒரு சாண் உயரத்தில் அறுக்கலாம். முழு நிலத்தையும் ஒரே ஆண்டில் அறுக்காமல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் அறுங்கள். குருவிக்கும் பூச்சிக்கும் ஒதுங்க இடம் வேண்டும். ஒரே ஒரு விஷயத்தில் அழகைப் பார்க்காதீர்கள்: ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்த மலை தீப்பிடிக்கும் காலம். வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது பதினைந்து அடிக்கு உயரமான புல் நடவே கூடாது. அங்கே கல் பாவலாம், அல்லது ஈரமாக வைத்திருக்கும் சிறு செடிகள் வைக்கலாம்.

காட்டெருமை வரும். வில்பட்டியில் இருந்துகொண்டு அது வராது என்று நினைக்க முடியாது. வேர் பிடித்த தூரை மேய்ந்தால் ஒன்றுமில்லை. புல் அதற்குப் பழகியதுதான், மீண்டும் துளிர்க்கும். புதிதாக நட்டதை மேய்ந்தால் தூரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். முதல் ஆறு மாதம் முள் கிளைகளைப் பரப்பி வையுங்கள்.

பேரி மரங்கள் இரண்டையும் அப்படியே விடுங்கள். அவற்றின் நிழலில் மலைப்புல் சோம்பிப்போகும். அங்கே பெரணி வகைகளையும் நாகப்படம் போன்ற பூவுடைய அரிசீமாவையும், உள்ளூர்க் காசித்தும்பை இனங்களையும் வையுங்கள். நிழல் முடிந்து வெயில் தொடங்கும் கோட்டிலிருந்து முதல் தெமீடா தொடங்கட்டும். இந்த ஜூனில் அந்தக் கோட்டுக்கு மேற்கே 2 சென்ட்டை அளந்து கயிறு கட்டிவிட்டால் வேலையைத் தொடங்கிவிடலாம்.